கம்ப்யூட்டர் டிரைவில் சிடி கேட்பது: ஒலி எங்கே கெடுகிறது, எப்படிக் காப்பாற்றுவது

பீரோ மேலே ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே நாற்பது ஐம்பது சிடி: பழைய படப்பாட்டு, அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், ஆரணி, செய்யாறு பக்கம் திருவிழாக் கடையில் வாங்கிய தெருக்கூத்து, திரௌபதி அம்மன் கோயில் பாரதச் சொற்பொழிவு. பிளேயர் கெட்டுப்போய் வருடக்கணக்காகியிருக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வடஆற்காடு முழுக்க இந்தப் பெட்டி இல்லாத தெரு குறைவு. கம்ப்யூட்டரில் ஒரு ரைட்டர், அதாவது சிடியைப் படிக்கவும் எழுதவும் செய்யும் டிரைவ், போட்டு இவற்றைக் கேட்கலாம் என்று இறங்குகிறவர்கள் எடுத்ததுமே கேட்பது, "எந்த ரைட்டர் வாங்கினா சவுண்டு நல்லா இருக்கும்?"

இன்றைய கம்ப்யூட்டரில் ரைட்டருக்கென்று தனிச் சவுண்டு கிடையாது. அதன் வேலை எண்களைப் படித்துத் தருவது. எண்களைச் சரியாகப் படித்ததா, படித்தது எந்த வழியாக உங்கள் காதுக்கு வருகிறது என்ற இரண்டும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவு பாதி குறையும்.

முதலில் ஒலி வரும் வழியைப் பாருங்கள்

காயலாங்கடையில் கிடைக்கும் பழைய ஐடிஇ (அகலமான கேபிளில் மாட்டும் பழைய வகை) டிரைவைத் திருப்பிப் பாருங்கள். அகலமான 40 பின் டேட்டா சாக்கெட், நாலு பின் பவர் சாக்கெட், செட்டிங் ஜம்பர். இவை தவிர ஓரத்தில் சின்னதாக இன்னொரு நாலு பின் சாக்கெட் இருக்கும். அதன் மேலே தகரத்தில் ஆர், ஜி, ஜி, எல் என்று அச்சடித்திருக்கும்: வலது, எர்த், எர்த், இடது. அந்தக் காலத்தில் மெல்லிய ஒயர் ஒன்று இங்கிருந்து சவுண்டு கார்டுக்குப் போனது. டிரைவே எண்களை ஒலி அலையாக மாற்றி அந்த ஒயரில் அனுப்பியது. முன்பக்கத்தில் ஹெட்போன் ஓட்டையும் வால்யூம் சக்கரமும் உள்ள டிரைவ்களிலும் இதே கதைதான். "இந்த டிரைவ் இனிமையா பாடும், அது கரகரன்னு இருக்கும்" என்று அன்று சொன்னதில் உண்மை இருந்தது. டிரைவுக்குள் இருந்த மலிவான மாற்றுச் சில்லு, ஹார்ட் டிஸ்க் ஓடும்போதும் மவுஸை நகர்த்தும்போதும் அந்த ஒயர் இழுத்துக்கொண்ட கிர்ர் சத்தம் எல்லாம் சேர்ந்து காதில் விழுந்தன.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வழி மாறியது. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளைத் திறந்தால் டிஜிட்டல் சிடி ஆடியோ என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் எண்கள் டேட்டா கேபிளிலேயே வந்துவிடும், மெல்லிய ஒயர் தேவையில்லை. பிறகு வந்த, குறுகிய டேட்டா கேபிளில் மாட்டும் சாட்டா டிரைவ்களிலும் யூஎஸ்பி டிரைவ்களிலும் பொதுவாக அந்த நாலு பின் சாக்கெட்டே இல்லை. எண்களை ஒலியாக்குவது மதர்போர்டின் சவுண்டு சில்லு, அல்லது நீங்கள் மாட்டும் யூஎஸ்பி டிஏசி. ஆகவே சவுண்டுக்காகப் பணம் போடுவதென்றால் அங்கே போடுங்கள்.

பழைய டிரைவில் நாலு பின்னுக்குப் பக்கத்தில் டி, ஜி என்று இரண்டே பின் இருந்தால் அது டிஜிட்டல் வெளியீடு. அதை நேராக ஆம்ப்ளிஃபயரின் கோஆக்சியல் ஓட்டையில் மாட்டிவிடாதீர்கள். வீட்டுக் கருவிகளின் கோஆக்சியல் சிக்னல் அரை வோல்ட் அளவு. டிரைவின் பின் தருவது சில்லுகளுக்குள் ஓடும் அளவு, அதைவிடப் பல மடங்கு அதிகம்.

எண்களைப் படிப்பதில் எங்கே தவறுகிறது

சிடியில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அளவும் இடது, வலது இரண்டுக்கும் 16 பிட். இந்த வினாடியை 75 பிரிவாக வெட்டினால் ஒன்றுக்கு 2,352 பைட். இதே அளவு இடத்தில் கோப்புகளை எழுதும்போது உங்கள் கோப்புக்குக் கிடைப்பது 2,048 பைட்தான். மிச்சத்தில் முகவரியும் பிழைதிருத்தக் குறிப்புகளும் போகின்றன. பாட்டு சிடியில் அந்த இடத்தையும் பாட்டே எடுத்துக்கொள்கிறது. 80 நிமிட சிடியில் கோப்பாக 700 எம்பிதான் பிடிக்கும், பாட்டாக எழுதினால் ஏறக்குறைய 807 எம்பி போகும் என்ற கணக்கு இதனால்தான்.

இதில் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, பாட்டு சிடிக்கும் இரண்டடுக்குப் பிழைதிருத்தம் இருக்கிறது. சி1, சி2 என்பவை அவை. தட்டின் மேல் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் தெரியாமல் போனாலும் இவை முழுதாக மீட்டுவிடும். அதைத் தாண்டினால் டிரைவ் முன்னும் பின்னும் உள்ள அளவுகளை வைத்து நடுவில் எது இருந்திருக்கும் என்று யூகித்து நிரப்பும். யூகமும் முடியாத இடத்தில் மௌனம் போடும், அல்லது டக்கென்று ஒரு சத்தம் வரும். கோப்பு சிடியாக இருந்தால் மூன்றாவது அடுக்கு காப்பாற்றும். அதுவும் முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் வெளிப்படையாகச் சொல்லிவிடும். பாட்டு சிடி சொல்லாது. யூகத்தை உண்மைபோலத் தந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு பிரிவின் தலையிலும் முகவரி இல்லாததால் டிரைவ் கேட்ட இடத்தில் துல்லியமாக இறங்காது. பழைய டிரைவ்கள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் இறங்கும். துண்டுகளை ஒட்டும்போது கொஞ்சம் இரட்டிக்கும், அல்லது கொஞ்சம் விழுந்துவிடும். பிற்காலத்து டிரைவ்கள் பெரும்பாலும் தவறாமல் ஒரே அளவு தள்ளி இறங்குகின்றன. இந்தத் தள்ளலுக்கு ஆஃப்செட் என்று பெயர். +6, +48, +102, +667 போன்றவை அடிக்கடி கண்ணில் படும் எண்கள். இவை வினாடியில் 44,100-ல் ஒரு பங்கைக் குறிக்கும் அளவுகள். 667 என்றாலும் வினாடியில் அறுபதில் ஒரு பங்குகூட வராது. காதுக்குத் தெரியாது. ஆனால் ஒப்பிடும்போது இது செய்யும் குழப்பம் பெரிது. அதைப் பின்னால் பார்ப்போம்.

டிரைவ், தட்டு, தூசு

பழைய டெஸ்க்டாப்பில் இருந்து கழற்றிய முழு அளவு சாட்டா ரைட்டர் கிடைத்தால் அதையே எடுங்கள். லேப்டாப்பின் மெல்லிய ரைட்டரைவிட அது கீறல் விழுந்த தட்டை நின்று நிதானமாகப் படிக்கும். யூஎஸ்பி மெல்லிய டிரைவ்தான் கிடைக்கிறதென்றால் அடியில் ஒட்டியுள்ள தாளில் ஆம்பியர் பாருங்கள். பலவற்றில் 1 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 0.5 ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 0.9. தட்டு சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் மின்சாரம் போதாமல் டிரைவ் க்ளிக், க்ளிக் என்று திரும்பத் திரும்ப முயன்று நிற்கும். பலர் இதைப் பார்த்து லென்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். முன்பக்க போர்ட்டை விட்டு மதர்போர்டின் பின்பக்க போர்ட்டில், நீளமில்லாத கேபிளில் மாட்டிப் பாருங்கள். இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டையும் மாட்டுங்கள்.

பாலாற்று மணல் காற்றும் கோடையில் திறந்து கிடக்கும் ஜன்னலும் சேர்ந்து நம் பக்கத்தில் லென்ஸைச் சீக்கிரம் மூடிவிடும். மெல்லிய டிரைவில் சிடி வைக்கும் டிரேயை இழுத்ததும் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். முழு அளவு டிரைவில் அடியில் உள்ள நாலு ஸ்குருவைக் கழற்ற வேண்டும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு மட்டும் வைத்து, லென்ஸ் மேல் எடை போடாமல் ஒரு சுற்று. அந்த லென்ஸ் முடி போன்ற கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் சாய்ந்துவிடும், பிறகு எதையும் படிக்காது. பெட்ரோல், தின்னர், செண்டு எதுவும் வேண்டாம்.

தட்டைத் துடைப்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கவே கூடாது. துணியில் ஒரு மணல் இருந்தாலும் கீறல் தடத்தோடு சேர்ந்து நீளமாக விழும். 2.5 மில்லிமீட்டர் கணக்கு அங்கே உடைந்துபோகும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவே தடத்தை வெட்டுவதால் திருத்தத்துக்குள் அடங்கிவிடும். கைரேகை, எண்ணெய் என்றால் வெறும் தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு, மென்மையான பருத்தித் துணி, பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

அடிப்பக்கக் கீறலை விடப் பெயர் எழுதும் பக்கத்துக் கீறல்தான் ஆபத்து. அடியில் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே, லேபிளுக்கு நேர் கீழே வெள்ளிப்பூச்சு. அதில் நகம் பட்டு உரிந்தால் தகவல் அதோடு போயிற்று. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளையாக வெளிச்சம் தெரியும் இடங்களில் பாட்டு இல்லை. அந்தத் தட்டை எந்த டிரைவாலும் முழுதாகத் தர முடியாது என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கலாம்.

ஒருமுறை சரியாக எடுத்துவிடுங்கள்

நேரடியாகத் தட்டிலிருந்து பாட்டைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கிறது, தவறினால் திரும்பிப் போய்ப் படிக்க நேரமில்லை. ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கும்போது அந்த அவசரம் இல்லை. ஒரே இடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம். கம்ப்யூட்டரில் நல்ல சிடி ஒலி வேண்டுமென்றால் வழி இதுதான்.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் சிடி-பாரனாயா அல்லது விப்பர், மேக்கில் எக்ஸ்எல்டி. இங்கே விண்டோஸ் வழியைச் சொல்கிறோம். மற்றவற்றிலும் கருத்து ஒன்றேதான்.

மென்பொருளை முதல்முறை திறக்கும்போது கீறலில்லாத, கடையில் விலைக்கு வாங்கிய ஒரிஜினல் சிடி ஒன்றைப் போடுங்கள். டிரைவ் செட்டிங்கில் செக்யூர் மோடைத் தேர்ந்து, டிரைவின் குணங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பட்டனை அழுத்துங்கள். மூன்று கேள்விக்குப் பதில் வரும்.

அக்யூரேட் ஸ்ட்ரீம் இருக்கிறதா, அதாவது டிரைவ் எப்போதும் ஒரே அளவு தள்ளி இறங்குகிறதா? "ஆம்" என்று வர வேண்டும். இல்லையென்றால் வேறு டிரைவ் தேடுங்கள்.

டிரைவ் ஒலியை கேஷில் (தன் தற்காலிக நினைவில்) வைக்கிறதா? வைக்கிறதென்றால் அந்த டிக் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் மென்பொருள் இரண்டாம் முறை கேட்கும்போது டிரைவ் தட்டைப் படிக்காமல், முதலில் படித்ததையே நினைவிலிருந்து எடுத்து நீட்டும். இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்! பிழையே இல்லை என்று அறிக்கை வரும், பாட்டில் டக் சத்தம் இருக்கும்.

சி2 பிழையைத் தெரிவிக்கிறதா? "ஆம்" என்று வந்தாலும் முதலில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சில டிரைவ்கள் எல்லாப் பிழையையும் தெரிவிப்பதில்லை. அதை நம்பினால் வேகம் கிடைக்கும், உறுதி கிடைக்காது.

அடுத்து ஆஃப்செட். அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பலர் எடுத்த சிடிகளின் சரிபார்ப்பு எண்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் உள்ள தட்டு ஒன்றைப் போட்டால் மென்பொருளே உங்கள் டிரைவின் ஆஃப்செட்டைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும். ஒருமுறை போட்டால் அந்த டிரைவுக்கு எப்போதும் அதுவே.

இனி எடுக்க வேண்டிய தட்டு. எல்லாப் பாட்டையும் தேர்ந்து டெஸ்ட் அண்ட் காப்பி கொடுங்கள். ஒருமுறை சோதனைக்காகப் படித்து ஒரு சரிபார்ப்பு எண் போடும். மறுபடி படித்துக் கோப்பாக எழுதி இன்னோர் எண் போடும். இரண்டும் ஒத்தால் அந்தப் பாட்டு சரி. செக்யூர் மோடில் ஒவ்வொரு துண்டும் குறைந்தது இரண்டு முறை படிக்கப்படும். ஒத்துவராவிட்டால் 16 முறை படித்து 8 ஒன்றுபோல் வருகிறதா என்று பார்க்கும். மீட்பு அளவை உயரமாக வைத்தால் இப்படி ஐந்து சுற்று வரை போகும். மோசமான ஒரே துண்டுக்கு 82 முறை! ஒரு பாட்டுக்கு அரை மணி ஆனாலும் டிரைவ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் நிறுத்துங்கள். தட்டை மறுபடி துடையுங்கள், படிக்கும் வேகத்தை 8 அல்லது 4 மடங்காகக் குறைத்து அந்தப் பாட்டை மட்டும் எடுங்கள்.

கடைசி இரண்டு மூன்று பாட்டு மட்டும் தகராறு செய்வது சகஜம். சிடி நடுவிலிருந்து வெளியே எழுதப்படுகிறது. 48 மடங்கு வேகம் என்பது விளிம்பில் எட்டும் வேகம், உள்ளே அதில் பாதிக்கும் குறைவு. கடைசிப் பாட்டுகள் விளிம்பில்தான் இருக்கின்றன. அங்கேதான் விரல் படுகிறது, அங்கேதான் தட்டு அதிகம் அதிர்கிறது. வேகத்தைக் குறைத்தால் இதில் பெரும்பாலானவை சரியாகிவிடும். காகித ஸ்டிக்கர் ஒட்டிய தட்டில் எடை ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதால் வேகம் குறையாமல் வேலை நடக்காது.

முடிந்ததும் வரும் அறிக்கையைப் படியுங்கள். சந்தேகமான இடம் என்று நிமிடம், வினாடியோடு குறித்திருந்தால் ஹெட்போனில் அந்த இடத்தைக் கேளுங்கள். அக்யூரேட்ரிப் ஒத்துவந்தால் எத்தனை பேருடைய முடிவோடு ஒத்தது என்ற எண்ணும் கூடவே வரும். இரண்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. நம் ஊர்க் கூத்துத் தட்டுகள், கோயில் பதிவுகள், கல்யாண ரெக்கார்டிங் எல்லாம் அந்தத் தரவுத்தளத்தில் இருக்க வழியில்லை. அவற்றுக்கு டெஸ்ட் அண்ட் காப்பியின் இரண்டு எண்தான் சாட்சி. முக்கியமான தட்டு என்றால் வேறு கம்பெனி டிரைவில் இன்னொரு முறை எடுத்து அந்த எண்ணும் ஒத்துவருகிறதா பாருங்கள். ஒரே டிரைவ் ஒரே யூகத்தை இரண்டு முறை செய்திருக்கலாம். வேறு டிரைவ் அதே யூகத்தைச் செய்வது அரிது.

கோப்பை ஃப்ளாக் வடிவில் வையுங்கள். 5 நிமிடப் பாட்டு சுருக்காத வேவ் வடிவில் சுமார் 53 எம்பி. ஃப்ளாக்கில் பெரும்பாலும் பாதியை ஒட்டி வரும், ஓர் எண்கூட மாறாது. எம்பி3 ஆக்குவது போனுக்குப் பிரதி எடுக்கும்போது போதும்.

"ரெண்டு டிரைவும் வேற மாதிரி கேக்குது" என்றால்

இதற்குச் சண்டை வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒரே பாட்டின் இரண்டு கோப்புகளையும், ஒவ்வொரு டிரைவில் எடுத்தது ஒன்று, திறந்து மேலும் கீழுமாக வையுங்கள். ஒன்றைத் தேர்ந்து இன்வெர்ட் செய்யுங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே தடமாக்குங்கள். எண்கள் ஒன்றே என்றால் ஒன்றையொன்று தின்று முழு மௌனம் மிஞ்சும். திரையில் ஒரு நேர்கோடு, அவ்வளவுதான்.

நேர்கோடு வராமல் மெல்லிய, கீச்சென்ற பாட்டின் நிழல் கேட்டால், "பார்த்தீர்களா, வித்தியாசம் இருக்கிறது" என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது ஆஃப்செட். ஒரு டிரைவுக்கு ஆஃப்செட் திருத்தம் போடாததால் ஒரு கோப்பு சில அளவுகள் தள்ளியிருக்கிறது. அலையின் மேல் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கோடு புள்ளிகளாகப் பிரியும். ஜாலராவின் ஒரு அடி, மிருதங்கத்தின் ஒரு தட்டு என்று கூர்மையான முனை ஒன்றை இரண்டு தடத்திலும் கண்டுபிடித்து, எத்தனை புள்ளி வித்தியாசம் என்று எண்ணுங்கள். முன்னதாக வரும் அலையை அத்தனை புள்ளி வலப்பக்கம் தள்ளிவிட்டு மறுபடி கழியுங்கள். நிழல் சட்டென்று மறையும். இரண்டு டிரைவின் ஒலியும் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நேர்கோட்டின் நடுவே எங்காவது ஓர் ஊசி மட்டும் நின்றால் அதுதான் உண்மையான படிப்புப் பிழை. அந்த இடத்தைப் பெரிதாக்கி இரண்டு தடத்தையும் தனித்தனியே பாருங்கள். நல்ல தடத்தில் அலை வளைந்து வளைந்து போகும். யூகித்து நிரப்பிய தடத்தில் நடுவில் ஒரு துண்டு மட்டும் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கும், அல்லது பூஜ்யத்தில் படுத்திருக்கும். நல்ல கோப்பை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

இரண்டு தடத்திலும் அதே இடத்தில் அதே டக் சத்தம், எண்களும் ஒத்துவருகின்றன என்றால் சிடி எழுதியபோதே அது உள்ளே போயிருக்கிறது. கேசட்டிலிருந்து மாற்றிய கூத்துப் பதிவுகளில் இது நிறைய. டக் சத்தம் நீக்கும் வசதியை முழுப் பதிவுக்கும் ஓட்டிவிடாதீர்கள். ஜாலரா அடியின் கூர்மையையும் முகவீணை கிளம்பும் முனையையும் கீறல் சத்தம் என்று நினைத்து அது மழுக்கிவிடும். டக் வரும் இடத்தை மட்டும் தேர்ந்து, அங்கே மட்டும் திருத்துங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பதினெட்டு நாள் பாரதம் நடத்தும் மரபில் பாடிய குரல்கள் பல இப்போது இந்தத் தட்டுகளில் மட்டும்தான் இருக்கின்றன.

திருவிழாக் கடைத் தட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆடாசிட்டியில் எந்தச் சுருதி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கிறதா? 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ விரித்து சிடியாக எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். போன உயர்சுருதி எந்த டிரைவிலும் திரும்ப வராது. இதற்காக ரைட்டர் மாற்றாதீர்கள்.

கேட்கும்போது வரும் இரைச்சல்

விண்டோஸ் பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், சிடி 44.1. சவுண்டு பண்புகளில் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 16 பிட், 44,100 என்று மாற்றுங்கள். ஒலியைக் கூட்டும், சுற்றவிடும் வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஃபூபார்2000 போன்ற பிளேயரில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் வழியைத் தேர்ந்தால் விண்டோஸ் கலவைக்குள் போகாமல் எண்கள் நேரே டிஏசிக்குப் போகும்.

ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்ததும் ம்ம்ம் என்று அடித்தொண்டை இரைச்சல் வந்தால் அதற்கும் சிடிக்கும் சம்பந்தமில்லை. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் நின்றால் எர்த் சுற்றுதான் காரணம். பழைய வீடுகளில் மூணு ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கம்ப்யூட்டருக்கும் டிஏசிக்கும் நடுவே ஆப்டிக்கல் இணைப்பு கொடுங்கள். ஒளியில் மின்சாரம் போகாது, சுற்று அறுந்துவிடும். எர்த் பின்னை வெட்டி ஹம்மை நிறுத்துகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கர்ர் என்று வருகிறதா? விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் அப்படித்தான் செய்யும். கரண்ட் வரும்வரை லேப்டாப் பேட்டரியில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

திரும்ப சிடியாக எழுதுவதென்றால்

காரில் கேட்க, பெரியவர்களின் பழைய பிளேயரில் போட என்று இன்னும் சிடி எழுத வேண்டிய வீடுகள் இருக்கின்றன. ஃப்ளாக் அல்லது வேவ் கோப்பிலிருந்து எழுதுங்கள். டிஸ்க் அட் ஒன்ஸ் என்ற முறையைத் தேர்ந்து, பாட்டு இடைவெளியை 0 வினாடி ஆக்குங்கள். ட்ராக் அட் ஒன்ஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் லேசர் நின்று கிளம்புவதால் இரண்டு வினாடி வெற்றிடம் விழும். தனிப் பாட்டுக்குப் பரவாயில்லை. துரியோதனன் படுகளத்தில் வசனமும் பாட்டும் விடாமல் ஓடும் இடத்தில் இரண்டு வினாடி மௌனம் விழுந்தால் ஆட்டம் நின்றுபோனதுபோல் இருக்கும்.

வேகம் 16 அல்லது 24 மடங்கு. மிக மெதுவாக எழுதினால் மிக நன்றாக வரும் என்பது பழைய டிரைவ் காலத்துக் கணக்கு. இன்றைய வெற்றுத் தட்டின் சாயம் வேகமான எழுத்துக்கென்றே செய்யப்பட்டது. 52 மடங்கில் எழுதினால் விளிம்பில் பிழை கூடும். கறுப்புத் தட்டு இனிமையாகப் பாடும் என்பதிலும் ஒன்றுமில்லை. சிடியைப் படிக்கும் 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அதற்குக் கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடிபோல்தான்.

அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தட்டைப் பாட்டுக்கு எடுக்காதீர்கள். சாதாரண சிடியின் மூன்றில் ஒரு பங்கு ஒளியைக்கூட அது திருப்பி அனுப்பாது, பழைய பிளேயர்கள் "நோ டிஸ்க்" என்று நின்றுவிடும். வெற்றுத் தட்டை வாங்கும்போது சாயத்தைப் பாருங்கள். இங்கே அதிகம் விற்ற மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. ஜப்பானின் தையோ யூடென் 2015-ல் இந்தத் தொழிலை விட்டது. இந்தப் பெயர்களில் இன்றைக்குக் கடையில் மிஞ்சியிருப்பது பல வருடம் கிடந்த சரக்கு. விளிம்பில் நிறம் மங்கியோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் வாங்காதீர்கள். எழுதிய தட்டை அதே டிரைவிலும் இன்னொரு டிரைவிலும் டெஸ்ட் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எழுதிய டிரைவில் மட்டும் படிக்கிறது, மற்றதில் திணறுகிறது என்றால் அந்தக் கட்டுத் தட்டுகளை முக்கியமான பதிவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வைக்கும் இடம்

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கோட்டை வாசலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அதைவிட எவ்வளவோ அதிகம். வெயிலும் சூடும் எழுதிய தட்டின் சாயத்தை வெளிறச் செய்யும், தட்டையும் வளைத்துவிடும். காருக்கு எப்போதும் பிரதியை மட்டும் கொண்டுபோங்கள். அசல் தட்டு பீரோவுக்குள், உறையில், புத்தகம்போல் நிற்க வைத்து. பீரோ மேலே, ஓட்டுக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டி கோடையில் அடுப்பு மாதிரி, அதைக் கீழே இறக்குங்கள். பெயரை நடுவளையத்தின் தெளிவான பிளாஸ்டிக்கில் மட்டும், தண்ணீர் மை பேனாவால் எழுதுங்கள்.

எடுத்த ஃப்ளாக் கோப்புகளோடு மென்பொருள் தந்த அறிக்கைக் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, முடிந்தால் வேறு வீட்டில். கூத்துப் பதிவு என்றால் ஃபோல்டர் பெயரில் எந்த ஊர் ஜமா (கூத்துக் குழு), எந்த நாடகம், எந்த வருடம் ஆடியது என்பதையும் தமிழிலேயே எழுதிவிடுங்கள். சிடி உறையில் இருக்கும் அந்த மூன்று வரியை ஃபோனில் படம் எடுத்து உள்ளே சேர்த்தால் இன்னும் நல்லது. காகிதம் முதலில் செல்லரிக்கும்.